மழைக்காலச் சைக்கிளுக்குச் சட்டகம் தேடிய கதை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடையின் ஐந்தடியில், அதாவது கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில், ஒதுங்கி நின்று பேசுகிறேன். மழை இரைச்சல் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குளிர்காலம் ஏது? அக்டோபர், நவம்பர்தான் நம் குளிர்காலம். காலையில் வெயில் காயும். நான்கு மணிக்கு வேலை முடிந்து கிளம்பினால் வானம் பொத்துக்கொள்ளும்.

போன மாதம் என் பழைய எஃகுச் சைக்கிளைக் கவிழ்த்தேன். இருக்கைக் குழாயிலிருந்து தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே அரித்துவிட்டது. பெடல் அச்சுக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அது மண்ணடைத்துக் கிடந்ததை நான் பார்க்கவேயில்லை. தப்பு என்னுடையதுதான். எஃகு வாங்குகிறவர்கள் அந்தத் துளையைக் குத்திவிட்டு, குழாய்க்குள் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் என் பெரியம்மா மகனும் இதே கவலையில் இருக்கிறான். அங்கே பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள்; அது சைக்கிளைத் தின்கிறது. நமக்கு உப்பு இல்லை, செம்மண் இருக்கிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துப் பாதையில் ஒரு கிலோமீட்டர் போனாலே டயருக்கும் சட்டகத்துக்கும் நடுவில் களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுக்கிறது.

அதனால் எஃகா, அலுமினியமா என்று நான் முதலில் கேட்பதில்லை. அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்க்கிறேன். நான் போடுவது 38 மி.மீ. டயர். அதன்மேல் மட்கார்டும் வந்து, மண் வழுக்கி விழ இடமும் மிச்சமிருக்க வேண்டும். பந்தயத்துக்கென்று செய்த கார்பன் சட்டகம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், இறகு மாதிரி இருந்தது. ஆனால் மட்கார்ட் மாட்ட ஓட்டை இல்லை, கேரியருக்கும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கைத் தலையிலா வைத்துக்கொண்டு போவது?

அப்பா ரப்பர் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போன கறுப்புச் சைக்கிளில் நீள மட்கார்ட், மூடிய சங்கிலி, அகலக் கேரியர் எல்லாமே இருந்தன. அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டவனும் நான்தான்.

கடைசியில் டிஸ்க் பிரேக் மாட்டக்கூடிய அலுமினியச் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தேன். ரிம்மைப் பிடிக்கும் பிரேக், மழையில் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். ஒட்டிய மணல் ரிம்மையே அராவிவிடும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று மிதப்பாகவும் இருக்க முடியாது. எஃகு போல்ட்டோடு ஈரத்தில் கிடந்தால் அரித்து இறுகிவிடும். பூட்டும்போதே கிரீஸ் தடவச் சொல்லிவிட்டேன்.

ஒரு அளவு சிறிய சட்டகம் விலை குறைவாகக் கிடைத்தது. ஏறிப் பார்த்தேன், திருப்பத்தில் கால்விரல் முன் மட்கார்டில் இடிக்கும்போல் இருந்தது, குதிகால் பின் பையில் தட்டியது. இறங்கிவிட்டேன். பெரியதைத்தான் செவ்வாய்க்கிழமை பூட்டித் தருகிறார் கடைக்காரர். அதுவரை பஸ்தான்.