நீங்கள் யார் என்று கேளுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை பிடிக்கிறவர் என்று சொன்னதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? தோளில் சாக்குப் பை, சிக்குப் பிடித்த தலை, சிவந்த கண். சோறு உண்ண அடம்பிடிக்கும் பேரப்பிள்ளைகளுக்காகப் பாட்டிமார் உண்டாக்கி வைத்த ஆள் அவன். அந்த ஆள் நம் மனத்தைவிட்டு இன்னும் போகவில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அப்போது திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். வழியில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மாள் உயிரிழந்தார்.

நான் அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் பிரசவ வார்டுகளிலேயே, செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் அனுபவத்தில் சொல்கிறேன், வார்டுக்குள் பிள்ளை எடுக்க வருகிறவர் சாக்குப் பையோடு வருவதில்லை. துவைத்து மடித்த புடவையில் வருவார். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க் இருக்கும். "சாப்பிட்டாயா கண்ணு" என்று கேட்பார். உங்களுக்கு அவர் அக்கா.

அமெரிக்காவில் காணாமற்போகும் குழந்தைகளுக்காக 1984இல் தொடங்கப்பட்ட தேசிய மையம் ஒன்று இருக்கிறது. மருத்துவமனைகளிலிருந்து சிசுக்கள் கடத்தப்பட்ட நிகழ்வுகளைப் பல ஆண்டுகளாகத் திரட்டி, கடத்துகிறவர் எப்படிப்பட்டவர் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தால் நம் ஊர் வார்டைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கும். கடத்துகிறவர் அநேகமாகப் பெண். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர். தாம் கர்ப்பமாக இருப்பதாகவோ, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததாகவோ சொல்லி வைத்திருப்பவர். முன்கூட்டியே வந்து வார்டைச் சுற்றிப் பார்ப்பார், எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று விசாரிப்பார், படிக்கட்டு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வார். இன்னாருடைய குழந்தைதான் வேண்டும் என்று வருவதில்லை. எந்தத் தாய் கண்ணயர்கிறாளோ அவள் குழந்தை.

தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் 2021 அக்டோபரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு பெண் வார்டில் ஒரு தாயோடு பழகி, கூடமாட உதவி செய்து, அவர் குளிக்கப் போன நேரத்தில், பிறந்து சில நாள்களே ஆன பெண் குழந்தையைக் கட்டைப்பையில் வைத்து எடுத்துப் போய்விட்டார். ஆம், துணிக்கடையில் கொடுப்பார்களே, மரப்பிடி போட்ட அதே பைதான். நல்ல வேளையாகக் கண்காணிப்புக் கேமராவில் பதிவு இருந்தது. காவல்துறையினர் விரட்டிப் பிடித்துக் குழந்தையை மீட்டுவிட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள். கேமரா குழந்தையைக் கண்டுபிடிக்க உதவியது. எடுத்துப் போவதைத் தடுக்கவில்லை. கட்டைப்பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கேமராவுக்கு வாய் கிடையாது. வாசலில் இருப்பவருக்குத்தான் வாய் உண்டு.

இந்தப் பெண்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை, பத்து மாதம் சுமந்தவளின் வயிற்றெரிச்சலை நேரில் பார்த்தவள் நான். ஆனால் கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கத் தொடங்கும் ஊர் நம் ஊர். வளைகாப்பில் ஒதுக்கி உட்காரவைக்கும் ஊர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மாளாமல் ஒரு பெண் "உண்டாகியிருக்கிறேன்" என்று பொய் சொல்லிவிட்டால், பத்தாம் மாதம் அந்தப் பொய்க்கு ஒரு பிள்ளை தேவைப்படுகிறது. இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு பெண்ணை விளிம்புக்குத் தள்ளுகிறவர்களில் நானும் நீங்களும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

சரி, வார்டுக்குத் திரும்புவோம். அக்காவாக வருவது ஒரு வழி என்றேன். இன்னொரு வழி, அதிகாரியாக வருவது. 2022 ஜனவரியில் கேரளத்தில் கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். செவிலியர் உடையில் ஒரு பெண் வார்டுக்குள் வந்தார். குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறது, சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். கொடுத்துவிட்டார்கள். வெகுநேரமாகியும் குழந்தை வராததால் போய் விசாரித்தபோதுதான், இங்கிருந்து யாரும் குழந்தையை வாங்கி வரவில்லை என்று உண்மையான செவிலியர்கள் சொன்னார்கள். பக்கத்து விடுதியில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்து தகவல் கொடுத்ததால் அன்றைக்கே குழந்தை தாயின் கைக்குத் திரும்பியது.

அந்தத் தாய் ஏன் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். ஏன் கொடுக்கமாட்டார் என்று கேளுங்கள். மஞ்சள் காமாலை என்பது பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் காணப்படுவதுதான். சிகிச்சைக்காக லைட்டில் வைக்க நாங்களே எத்தனை குழந்தைகளை வாங்கிப் போயிருக்கிறோம்! அந்தப் பெண் சொன்னது, வார்டில் தினமும் காதில் விழும் வாக்கியம்.

இங்கே என் பழைய ஆதங்கத்தைக் கொட்டிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இது பலமுறை கேட்ட புராணம், பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் வார்டுகளில் குழந்தை பிறந்ததும் என்ன நடக்கும்? யாரோ ஒருவர் குழந்தையைத் துண்டில் சுற்றி வெளியே தூக்கி வருவார். ஆயாவா, துப்புரவுப் பணியாளரா, யாருடனோ வந்தவரா என்று ஒருவருக்கும் தெரியாது. "ஆண் குழந்தை, இனிப்பு வாங்கக் கொடுங்கள்" என்பார். ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கின் கேவலத்தைத் தனியாகத்தான் பேச வேண்டும். பணத்தைக் கொடுக்கும் வரை குழந்தை அவர் கையில். குடும்பத்தாரும் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

இதை லஞ்சம் என்று மட்டும் பார்க்கிறோம். அதைவிடப் பெரிய கேடு ஒன்று இதில் இருக்கிறது. குழந்தையை யார் கையில் கண்டாலும் கேள்வி கேட்கக் கூடாது என்று அந்தக் குடும்பத்துக்கு முதல் நாளே பாடம் நடத்திவிடுகிறோம். அதட்டிப் பேசினால் அவர் மருத்துவமனையைச் சேர்ந்தவர். கையில் கேஸ் ஷீட் இருந்தால் சிஸ்டர். கழுத்தில் எதையாவது மாட்டியிருந்தால் டாக்டர். அவர் யார் என்று ஒரு தாய் கேட்டுவிட்டால், "என்னையே கேட்கிறாயா" என்று எரிந்து விழுவதும் நாங்கள்தான். எங்கள் மக்களை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இருபது பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது பேரைப் படுக்கவைத்து, ஒரே சிஸ்டர் இரவு டூட்டி பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சல்தான் திருடுகிறவருக்குத் திறந்துவிட்ட கதவு.

ஆகவே தாய்மார்களே, நீங்கள் கேளுங்கள். "நீங்கள் யார், உங்கள் பெயர் என்ன, எங்கே கொண்டுபோகிறீர்கள், நான் வரலாமா?" உங்களால் எழுந்து நடக்க முடியாவிட்டால் உங்கள் அம்மாவோ மாமியாரோ குழந்தை கூடவே போகட்டும். உண்மையான செவிலியர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் கோபிக்கட்டும், மறுபடியும் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேப் டவுன் நகரில் குரூட் ஸ்கூர் மருத்துவமனை என்று ஒன்று. 1967இல் உலகிலேயே முதன்முதலாக ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதரின் இதயத்தைப் பொருத்தியது அங்கேதான். அவ்வளவு பேர்பெற்ற இடம். அங்கே 1997 ஏப்ரலில், சிசேரியன் ஆகிப் படுத்திருந்த ஒரு பதினெட்டு வயதுத் தாய் அசந்து தூங்கி விழித்தபோது, அருகில் இருந்த மூன்று நாள் பெண் குழந்தையைக் காணவில்லை. செவிலியர்போல் உடுத்திய ஒரு பெண்ணைப் பார்த்ததாக ஞாபகம், அவ்வளவுதான். நகரமே தேடியது. கிடைக்கவில்லை.

அந்தப் பெற்றோர் ஒவ்வொரு ஆண்டும் அந்த மகளின் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். நம் ஊராக இருந்தால் "கிடைக்காததை நினைத்து அழாதே" என்று சொல்லித் தடுத்திருப்போம். அவர்கள் விடவில்லை. அடுத்தடுத்துக் குழந்தைகள் பிறந்தன. 2015இல் அவர்களுடைய இன்னொரு மகள் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே மேல் வகுப்பில் படித்த ஒரு மாணவியைக் காட்டி, "இரண்டு பேரும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கிறீர்களே, அக்கா தங்கையா?" என்று மாணவிகள் கேட்டார்கள். பேச்சு தகப்பன் காதுக்குப் போனது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். காவல்துறைக்குச் சொன்னார். மரபணுச் சோதனை நடந்தது. அவர்கள் மகளேதான். பதினேழு ஆண்டுகளாகச் சில கிலோமீட்டர் தூரத்தில் வளர்ந்திருக்கிறாள்.

வளர்த்த பெண்ணோ, தமக்குக் கருக்கலைந்து போயிருந்ததாகவும், ரயில் நிலையத்தில் யாரோ ஒருவர் குழந்தையைக் கொடுத்ததாகவும் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை. 2016இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இதில் என்னை உலுக்கிய சங்கதி வேறு. அந்த மகள் தன்னை வளர்த்தவரை வெறுக்கவில்லை. அவரைத்தான் அம்மா என்று அறிந்து வளர்ந்தவள். பெற்றவளுக்கு மகள் கிடைத்தாள், ஆனால் அந்தப் பதினேழு ஆண்டு கிடைக்கவில்லை. எனவேதான் குழந்தை மீட்கப்பட்டது என்ற செய்தியோடு நான் சமாதானம் ஆவதில்லை.

தடுக்கும் வழிகளுக்கு வருகிறேன். மேலைநாட்டு மருத்துவமனைகளில் ஓர் எளிய விதி இருக்கிறது. பணமே தேவைப்படாத விதி. குழந்தையை எங்கே கொண்டுபோனாலும் சக்கரத் தொட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு நடைவழியில் போகக் கூடாது. அப்படி யார் போனாலும், அது டாக்டரே ஆனாலும், நிறுத்திக் கேட்கலாம். இந்த விதியின் அழகு என்னவென்றால், தவறு தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது குழந்தையின் அடையாளப் பட்டை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிளாஸ்திரியைக் கிழித்து, அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி மணிக்கட்டில் ஒட்டுவோம். பாட்டி தேங்காய் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டிய மறுநாள் நீலக் கறைதான் மிஞ்சும். இப்போது நல்ல பட்டைகள் வந்துவிட்டன. சில இடங்களில் வாசலைத் தாண்டினால் அலாரம் அடிக்கும் பட்டையும் உண்டு. ஆனால் ஒரு சங்கடம். பிறந்த சில நாள்களுக்குக் குழந்தையின் எடை குறையும். மூன்று கிலோக் குழந்தை இருநூறு கிராம் வரை இழப்பது இயல்புதான், பால் குடித்து மறுபடி தேறிவிடும். ஆனால் முதல் நாள் காலில் கச்சிதமாகக் கட்டிய பட்டை மூன்றாம் நாள் தொளதொளத்துக் குதிகாலைத் தாண்டி நழுவும். துணியோடு துணியாகப் போய்விடும். ஒவ்வொரு டூட்டி மாறும்போதும் வந்தவரும் போகிறவரும் சேர்ந்து அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்தால் போதாது, ஐ.பி. எண்ணையும், அதாவது உள்நோயாளி எண்ணையும், தாயின் பட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது சர்வசாதாரணம்.

இன்னொன்று. பஸ் நிலையத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. உடன் ஒரு பெண் துணை இருக்கவும் இடமுண்டு. அந்தத் துணை சாப்பிடப் போகும்போது நீங்கள் குளிக்கப் போகாதீர்கள். பார்க்க வரும் சொந்தங்களே, பத்துப் பேராகத் திரண்டு போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் பதினொன்றாவது ஆள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கையைக் காட்டுகிறார். பிறப்புச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் கர்ப்பிணிகள் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் என்ற பதிவு எண்ணைப் பெற்றிருக்க வேண்டும், அது இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் எளிதாகும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதியாமல், ஊசி போடாமல், திடீரென்று ஒரு வீட்டில் பிள்ளை வந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பிறந்த குழந்தை ஒரு மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்டால் முதல் வேலையாக அதன் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, இன்னொரு நாள் பார்க்கலாம்.

கடைசியாக, குழந்தையைக் காணவில்லை என்றால் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உரக்கக் கத்துங்கள், வெட்கப்படாதீர்கள். டூட்டி சிஸ்டரிடம் சொல்லி எல்லா வாசல்களையும் அடைக்கச் செய்யுங்கள், பின்பக்கப் படிக்கட்டு வாசலையும் சேர்த்து. உடனே 100 அல்லது 112. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. என்ன புடவை, என்ன பை என்று நினைவிருப்பதை யாராவது ஒருவர் தாளில் எழுதிக்கொள்ளட்டும். குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் நிறத்தையும் எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், துணியை மாற்றிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.