சர்வருக்கு வரி இல்லை: யாருக்கு வரவு, யாருக்கு நஷ்டம்?

[திரையில்: ஜன்னலே இல்லாத நீளமான கட்டடம், கூரை முழுக்கக் குளிரூட்டும் இயந்திரங்கள்]

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், லவுடன் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. டேட்டா சென்டர்கள், அதாவது இணையத் தகவல்களைச் சேமித்து வழங்கும் சர்வர் கம்ப்யூட்டர்கள் நிறைந்த கட்டடங்கள், வரிசையாக நிற்கும் ஊர். இங்கே ஒரு நிறுவனம் 10 கோடி டாலருக்குச் சர்வர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரி 6 சதவீதம், அதாவது 60 லட்சம் டாலர். ஆனால் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

மாநில அரசே தரும் விலக்கு இது. பொதுவாக 15 கோடி டாலர் முதலீடு, 50 பேருக்கு வேலை, அந்தப் பகுதிச் சராசரியைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது நிபந்தனை. டெக்சஸில் 20 கோடி டாலர் முதலீட்டுக்கு 20 வேலை போதும். சரியாகத்தான் கேட்டீர்கள், இருபதுதான்.

கட்டடம் ஒரு முறைதான் எழும்பும். சர்வர் அப்படியல்ல. சில வருடங்களில் பழசாகிவிடும், கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். அதற்கும் வரி கிடையாது. அடுத்த முறையும் கிடையாது. வர்ஜீனியாவில் இந்தச் சலுகை 2035 வரை உண்டு. மிகப் பெரிய முதலீடு செய்கிறவர்களுக்கு 2050 வரைகூட நீளும். 2023 நிதியாண்டில் மட்டும் இப்படி விட்டுக்கொடுத்தது சுமார் 92.8 கோடி டாலர். சொன்னது சட்டமன்றத்தின் சொந்த ஆய்வுக் குழு.

சரி, இவ்வளவு போயும் ஏன் நிறுத்தவில்லை?

[திரையில்: இரண்டு கல்லாப்பெட்டிகள் — மாநிலம், கவுண்டி]

விற்பனை வரியில் பெரும்பகுதி மாநிலத்துக்குச் சேர வேண்டியது. கம்ப்யூட்டர்கள் மேல் வருடாவருடம் விழும் சொத்து வரியோ கவுண்டிக்குப் போகிறது, அதற்கு இந்த விலக்கு பொருந்தாது. அந்தப் பணத்தில் லவுடன் வீட்டு வரி விகிதத்தையே குறைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரரிடம் சலுகையை எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள்!

அப்புறம், பக்கத்து மாநிலப் பயம். 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதே மாதிரி விலக்கு இருக்கிறது. சலுகை இல்லாவிட்டால் முதலீட்டில் 90 சதவீதம் வர்ஜீனியாவுக்கு வந்திருக்காது என்று அதே ஆய்வுக் குழு 2019-ல் மதிப்பிட்டது. ஆனால் அது கட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியில்லை, எங்கே கட்டுவது என்பதுதான். வர்ஜீனியாவில் இல்லையென்றால் இன்னொரு மாநிலத்தில். அமெரிக்கா முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், மாநிலங்கள் ஒன்றோடொன்று ஏலம் போட்டுத் தங்கள் வரியையே இழக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜார்ஜியா 2024-ல் நிறுத்தப் பார்த்தது. புது விலக்குகளைத் தற்காலிகமாக நிறுத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் பிரையன் கெம்ப் அதை வீட்டோ செய்து, சட்டமாகாமல் தடுத்துவிட்டார். மினசோட்டா 2025-ல் பாதி வழி போனது. மின்சாரத்துக்கு இருந்த விலக்கை ரத்து செய்த அதே சட்டத்தில், பெரிய டேட்டா சென்டர்களின் கருவிகளுக்கான விலக்கை 35 ஆண்டுகளாக நீட்டிவிட்டது.