அரை மூட்டைச் சிமெண்டில் தொடங்கிய மலை

வணக்கம், நேயர்களே.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில், சால்டன் கடல் என்று அழைக்கப்படும் உப்பு ஏரிக்குக் கிழக்கே, நைலண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரைத் தாண்டிப் பாலை நிலத்துக்குள் சென்றால், புழுதியின் நிறத்தைத் தவிர வேறு நிறமே காணாத கண்களுக்கு முன்னால், சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசிய ஒரு மலைச்சரிவு எழுந்து நிற்கும். உச்சியில் ஒரு சிலுவை. அதன் கீழே, தேவன் அன்பாகவே இருக்கிறார் என்னும் விவிலிய வாசகம், ஆங்கிலத்தில், ஆளுயரத்துக்கும் மேலான எழுத்துகளில். இரட்சிப்பின் மலை என்று பொருள்படும் பெயர் கொண்ட இதனைத் தம் கைகளால் கட்டிய லெனார்ட் நைட்டை 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்று கண்டேன். அப்போது அவருக்கு வயது 76.

அவர் 1931இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஓவியமோ சிற்பமோ யாரிடமும் பயின்றதில்லை. 1967இல், முப்பத்தைந்து வயதில், திடீரெனக் கடவுள்பற்று அவரைப் பற்றிக்கொண்டது. அதன் பிறகு வானில் பறந்த ஒரு வெப்பக்காற்றுப் பலூனைப் பார்த்தவர், அதே வாசகத்தை எழுதிய பலூன் ஒன்றைத் தாமும் பறக்கவிட வேண்டும் என்று முடிவுசெய்து, துணியைத் துண்டு துண்டாகத் தைத்துப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1984இல் இந்தப் பாலைவனத்துக்கு வந்து முயன்றபோதும் பலூன் எழும்பவில்லை, துணி இற்றுப்போயிருந்தது. ஒரு வாரம் மட்டும் தங்கி, சிறியதாக ஒரு நினைவுச்சின்னம் அமைத்துவிட்டுப் புறப்படலாம் என்று அரை மூட்டைச் சிமெண்டைக் கையிலெடுத்தார். அந்த ஒரு வாரம் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகளாக நீண்டது.

தானே கற்ற கலைஞர் என்று அவரைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு குறை தோன்றும். கற்பித்தது யார் என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. நைட்டுக்குக் கற்பித்தது ஒரு சரிவு. கையில் பணம் இல்லாததால் சிமெண்டோடு அளவுக்கு மீறி மணலைக் கலந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அவர் கட்டி உயர்த்திய முதல் மலை, 1989இல் இடிந்து குவியலாக விழுந்தது. வேறொருவர் ஊரைவிட்டே போயிருப்பார். அவரோ, இந்த மலை பாதுகாப்பானதல்ல என்பதைக் கடவுள் காட்டிக்கொடுத்தார் என்று நன்றி சொல்லிவிட்டு, இம்முறை சிமெண்டை விட்டு, காலடியில் கிடந்த களிமண்ணை எடுத்தார். களிமண்ணை நீர்விட்டு வைக்கோலோடு பிசைந்து சரிவின் மேல் அப்பி, காய்ந்த பின் அதன்மீது வண்ணம் பூசினார். வைக்கோல் கலந்த மண்சுவரை நம் ஊர்களில் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சுவரைத் தொட்டபோது ஓர் உறவு தென்பட்டது.

வண்ணம் அங்கே அழகுக்காக மட்டும் இல்லை என்பதை நேரில் பார்த்த பிறகே உணர்ந்தேன். மழை அரிதென்றாலும் பெய்யும்போது களிமண்ணைக் கரைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் பூச்சின் மேல் பூச்சாக ஏறிய வண்ணம் தடித்த தோலாக இறுகி, மண்ணைக் காக்கிறது. பெரும்பாலும் பார்வையாளர்கள் அன்பளிப்பாகக் கொண்டுவந்த வண்ண வாளிகளே அவருக்கு மூலதனமாக இருந்தன. மலையெங்கும் பூத்திருக்கும் பூக்களை அருகில் சென்று பார்த்தேன்: ஈரக் களிமண் உருண்டையை அப்பி, நடுவில் கைமுட்டியால் ஓங்கி ஒரு குத்து, அதுவே பூ. நடுக்குழி ஒவ்வொன்றும் அவருடைய முட்டியின் அளவில் இருந்தது.

மலையின் ஓரத்தில், வைக்கோல் கட்டுகளை அடுக்கி மண் பூசி, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் வீட்டு வடிவில் ஒரு குவிமாட அறையும் கட்டியிருந்தார். வெயில் 45 பாகையைத் தாண்டும் கோடையில் தமக்கு உதவும் என்று கட்டியவர், அதில் குடிபுகவே இல்லை. வாசகங்கள் எழுதிய பழைய லாரியின் பின்புறமே, மின்சாரமும் குழாய்நீரும் இன்றி, பூனைகளோடு அவர் உறங்கிய இடம். வருகிற ஒவ்வொருவரையும் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டுவார், காசு கேட்கமாட்டார், அஞ்சலட்டைகளைக் கொடுத்தனுப்புவார்.

இந்த மலை அழிவின் விளிம்புவரை சென்று மீண்டதையும் சொல்ல வேண்டும். 1994இல், வண்ணத்திலுள்ள ஈயம் மண்ணை நச்சாக்கிவிட்டது என்று கூறி மாவட்ட நிர்வாகம் இதை இடிக்க முனைந்தது. அன்பர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், தனியாகச் செய்யப்பட்ட மண் பரிசோதனை அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது, இடிப்பு நின்றது. 2000இல் அமெரிக்க நாட்டுப்புறக் கலைச் சங்கம் இதனைப் பாதுகாக்கத்தக்க கலைத்தலமாக அறிவித்தது. 2002இல் செனட்டர் பார்பரா பாக்சர் இதனைத் தேசியச் செல்வம் என்று நாடாளுமன்றப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தார். இந்தச் சிறப்புகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அங்கே கையெழுத்திட்ட எளிய மனிதர்களையே நான் அதிகம் எண்ணிப் பார்க்கிறேன்.

நினைவு மங்கிய நிலையில் 2011 இறுதியில் அவர் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்றார். 2014 பிப்ரவரி 10ஆம் நாள் காலமானார். இரண்டாண்டுகள் கழித்து நான் மறுபடியும் போனேன். சரிவில் வெடிப்புகள் ஓடியிருந்தன. உச்சிக்குச் செல்லும் மஞ்சள் பாதையை விட்டு வேறெங்கும் கால் வைக்க வேண்டாம் என்று வருவோரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஓர் இளைஞர், தொட்டியில் வைக்கோலையும் களிமண்ணையும் காலால் மிதித்துக் கலந்துகொண்டிருந்தார். அவருக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லையாம். உடைந்த இடத்தைக் கிளறி, உள்ளே நைட் எப்படி வைத்திருந்தார் என்று பார்த்துப் பார்த்துத்தான் பூசுகிறேன் என்றார்.