முன்னால் போற விண்கலத்தைப் பிடிக்கணுமா? பிரேக் போடுங்க

(திரையில்: பூமிக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் ஒரே வட்டப்பாதை. அதில் இரண்டு புள்ளிகள்: முன்னால் நீலம், பின்னால் சிவப்பு.)

நீங்க சிவப்புக் கலத்துல இருக்கீங்க. நீலக் கலம் 100 கிலோமீட்டர் முன்னால போகுது. ரெண்டுக்கும் ஒரே பாதை, ஒரே வேகம்: நொடிக்கு 7.67 கிலோமீட்டர். இப்போ அதைப் பிடிக்கணும். ரோட்டுல வண்டி ஓட்டுற பழக்கத்துல பின்பக்க எஞ்சினை எரிச்சு, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தைக் கூட்டுறீங்கன்னு வைங்க. ஒரு சுற்று முடிஞ்சு பார்த்தா இடைவெளி 200 கிலோமீட்டர் ஆகியிருக்கும்.

என்ன நடந்துச்சு?

அந்த உயரத்துலயும் புவியீர்ப்பு தரையில இருக்கிறதுல 89 சதவீதம் இருக்கு. கலம் ஒவ்வொரு நொடியும் 4.3 மீட்டர் பூமியை நோக்கி விழுது. அதே நொடியில பக்கவாட்டுல 7.67 கிலோமீட்டர் போயிடுறதால, விழுந்த அளவுக்குப் பூமியும் வளைஞ்சு விலகிடுது. உயரம் மாறாததுக்குக் காரணம் இந்தக் கணக்கு சரியா இருக்கிறது மட்டும்தான். நீங்க 6 மீட்டர் கூட்டினதும் அது கெட்டுப்போச்சு.

(திரையில்: வட்டம் நீள்வட்டமாகிறது. எஞ்சின் எரிந்த புள்ளி அப்படியே இருக்க, எதிர்ப்பக்கம் மட்டும் உயர்கிறது.)

இங்க ஒரு விதியை மனசுல வச்சுக்கோங்க. போற திசையிலயோ அதுக்கு எதிர்த் திசையிலயோ வேகத்தை மாத்தினா, எஞ்சினை எரிச்ச இடத்துல உயரம் மாறாது, அதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துலதான் அதிகமா மாறும். 400 கிலோமீட்டர் உயரத்துல, போற திசையில நொடிக்கு 1 மீட்டர் கூட்டினா எதிர்ப்பக்கம் 3.5 கிலோமீட்டர் ஏறும். குறைச்சா அதே அளவு இறங்கும். 6 மீட்டருக்கு 21 கிலோமீட்டர். மேல ஏற ஏற கலம் வேகத்தை இழக்கும், சுத்த வேண்டிய பாதையும் நீளும். முதல்ல 92.6 நிமிஷமா இருந்த ஒரு சுற்று 13 நொடி கூடுது. நீலக் கலம் அந்த 13 நொடியில இன்னொரு 100 கிலோமீட்டர் தள்ளிப் போயிடும்.

அதனால செய்ய வேண்டியது நேர் எதிர். கலத்தைத் திருப்பி, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தைக் குறைங்க. எதிர்ப்பக்கம் 379 கிலோமீட்டருக்கு இறங்கும், சுற்று 13 நொடி முன்னாடியே முடியும். புறப்பட்ட புள்ளிக்கு நீங்க வர்ற நேரம், நீலக் கலமும் அங்க இருக்கும். அந்த நொடியில குறைச்ச 6 மீட்டரைத் திருப்பிக் கூட்டணும். கூட்டத் தவறினா அடுத்த சுற்றுல அதைத் தாண்டி 100 கிலோமீட்டர் முன்னால போயிடுவீங்க.

அவசரம் இல்லைன்னா இதை மூணு சுற்றா பிரிக்கலாம். 2 மீட்டர் குறைச்சு, மூணு சுற்று காத்திருந்து, 2 மீட்டர் கூட்டினா போதும். குறைச்சது, கூட்டினது ரெண்டையும் சேர்த்த மொத்த வேக மாற்றம்தான் எரிபொருள் செலவோட அளவு. அது நொடிக்கு 12 மீட்டர்லேருந்து 4 மீட்டரா குறையுது. நாலரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆனா எஞ்சின் வெறும் 0.1 மீட்டர் பிசகினாலும் ஒரு சுற்றுக்கு 1.7 கிலோமீட்டர் தள்ளிப் போயிடும். அதனாலதான் நடுநடுவே அளந்து பார்த்துத் திருத்துறாங்க.

நேரா துரத்திப் பிடிக்கிறதைத் திறமையான விமானிகளே கையால முயற்சி செஞ்சு பார்த்தாங்க. 1965 ஜூன்ல அமெரிக்காவோட ஜெமினி 4 கலத்துல போன ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைக் கொண்டுவந்த டைட்டன் ராக்கெட்டோட மேல்பாகத்தை நெருங்கப் பார்த்தார். அதை நேரா குறிவச்சு எஞ்சினை எரிச்சார். அது விலகிக்கிட்டே போச்சு. எரிபொருள்ல ஏறக்குறைய பாதி செலவானதும் முயற்சியைக் கைவிட்டாங்க. அதே டிசம்பர்ல ஜெமினி 6ஏ, ஜெமினி 7-ஐ விடத் தாழ்வான பாதையில புறப்பட்டு, கணக்குப் போட்டு ஏறி, சுமார் 6 மணி நேரத்துல பக்கத்துல போய் நின்னுச்சு.

பூமியை நோக்கித் தள்ளினா கீழ போகுமான்னு கேட்கலாம். விண்வெளி நிலையத்துலேருந்து ஒரு ஸ்பேனரை நேரா பூமிப் பக்கம், நொடிக்கு 1 மீட்டர் வேகத்துல எறிஞ்சு பாருங்க. கால் சுற்றுல 880 மீட்டர் கீழ இருக்கும். அரைச் சுற்றுல பழைய உயரத்துக்கே வந்து, 3.5 கிலோமீட்டர் முன்னால இருக்கும். அப்புறம் 880 மீட்டர் மேல ஏறி, 92 நிமிஷம் கழிச்சு எறிஞ்சவர்கிட்டயே அதே வேகத்துல வந்து மோதும். காத்தோட உரசலை விட்டுட்டுச் சொல்ற கணக்கு இது.

அந்த உரசலும் விசித்திரம்தான். மெல்லிய காத்து கலத்தைத் தடுக்குது, ஆனா கலம் வேகமாகுது! ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வேகம் நொடிக்கு சுமார் 0.57 மீட்டர் கூடும். விழும்போது கிடைக்கிற வேகத்துல பாதியை மட்டும்தான் காத்தால பறிக்க முடியுது.

(திரையில்: பூமத்திய ரேகைக்கு வெவ்வேறு சாய்வில் இரண்டு வளையங்கள்.)

இதுவரைக்கும் ரெண்டு கலமும் ஒரே தளத்துல, அதாவது ஒரே தட்டையான பரப்புல சுத்துச்சு. தளம் 1 டிகிரி விலகியிருந்தா, அதைத் திருப்பவே நொடிக்கு 134 மீட்டர் செலவாகும். 60 டிகிரின்னா 7.67 கிலோமீட்டர், அதாவது கலத்தோட மொத்த வேகத்துக்குச் சமம். எந்தக் கலமும் அவ்வளவு எரிபொருளைச் சுமக்காது. நிலையத்தோட பாதைத் தளம் ஏவுதளத்துக்கு மேல வர்ற நேரமா பார்த்து ராக்கெட்டை ஏவுறது இதுக்காகத்தான்.

கடைசி நூறு மீட்டர்ல நிலையத்தைக் குறிவச்சே போகலாம், விலகல் அங்க சின்னது. பல கலங்கள் கீழேயிருந்து நெருங்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கீழ இருக்கிற கலம் தானா இறங்கப் பார்க்கும், அதனால நிறுத்தறதுக்கு நிலையத்தைப் பார்த்துப் பெருசா எரிக்க வேண்டியதில்ல. சூரியத் தகடுகள் மேல புகை படாது. 100 மீட்டர் கீழ நிக்கும்போது எஞ்சின் மொத்தமா செத்துப்போனாலும் மோதல் கிடையாது. கலம் இன்னும் இறங்கி, ஒரு சுற்றுக்குள்ள 3.8 கிலோமீட்டர் முன்னால விலகிப் போயிடும்.