சம்பா அறுப்புக்குப் பிறகு ஒரு முதுகுப்பை: அந்தமான் தீவுகளும் சென்னைக் கடற்கரையும்

[காட்சி: மயிலாடுதுறை பக்கம் ஒரு வயல். அரிதாளுக்கு நடுவே உளுந்துச் செடிகள். வரப்பில் இரண்டு முதுகுப்பைகள்.]

வணக்கம். நான் நிற்கிற இந்த வயலில் சம்பா அறுத்து 3 வாரம் ஆகிறது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஈரத்தில் தெளித்த உளுந்து, இப்போது ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. அதற்குத் தண்ணீர் கட்ட வேண்டியதில்லை, மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியும் போதும். நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. டெல்டாவில் விவசாய வீட்டுப் பிள்ளைக்குக் கை ஓய்கிற நேரம் இது. அந்தமானில் மழை விட்டுக் கடல் அடங்கியிருக்கிற நேரமும் இதுதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே நல்ல காலம். மே மாதப் பின்பாதியில் தென்மேற்குப் பருவமழை நமக்கு முன்பே அங்கே இறங்கிவிடும்.

போன வருஷம் மாசியில் நானும் என் நண்பனும் ஆளுக்கு ஒரு பையோடு கிளம்பினோம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், கடைசியில் 2 நாள் சென்னை. டெல்டாவிலிருந்து போகிற ஒருவருக்கு அங்கே எது புரியாமல் போகும் என்று அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: நீல் தீவு, லக்ஷ்மண்பூர் கடற்கரை. பாறை வளைவின் கால்களை அலை மோதுகிறது.]

நீல் தீவில் கடல் அரித்து உண்டாக்கிய ஒரு பாறைப் பாலம் இருக்கிறது. படத்தில் பார்த்தால் அதன் அடியில் ஆட்கள் நடந்துபோவார்கள். நாங்கள் காலையில் சாப்பிட்டுவிட்டு நிதானமாக 10 மணிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் தண்ணீர். பாலத்தின் கால் வரை அலை. "மாப்ள, தப்பான இடத்துக்கு வந்துட்டோமாடா?" என்று நண்பன் கேட்டான். இடம் சரிதான், நேரம்தான் தப்பு. பக்கத்தில் இளநீர் விற்ற அம்மா கையை மேற்கே நீட்டி, "நாலு மணிக்கு வாங்க தம்பி" என்றார். போர்ட் பிளேரிலும் சரி, இந்தத் தீவுகளிலும் சரி, தமிழ் பேசுகிறவர்கள் நிறைய பேர். அன்று அது எங்களுக்குப் பெரிய உதவி.

சரி, ஏன் நாலு மணி?

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் என்று கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஓதம் ஏறி இறங்குவது கண்ணிலேயே படாது. நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் ஈர மணல் கூடும், குறையும், அவ்வளவுதான். போர்ட் பிளேர் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் அது கிட்டத்தட்ட 2 மீட்டர். கரை சாய்வில்லாமல் தட்டையாக இருக்கிற இடத்தில் 2 மீட்டர் தண்ணீர் இறங்கினால், கடல் நூறு இருநூறு அடி அல்ல, அதற்கும் மேலே பின்வாங்கிப் போய்விடும்.

நிலா பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், நேற்று போலவே அதற்கு நேராக நாம் திரும்பி வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதற்குள் கடல் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் சுமார் 6 மணி 12 நிமிடம். காலை 10 மணிக்கு முழு ஏற்றம் என்றால் மாலை 4 மணிக்குப் பக்கத்தில் முழு வற்றம். அந்த அம்மா சொன்னது சரியான கணக்கு. மறுநாள் அதே வற்றம் 50 நிமிடம் தள்ளிப்போகும். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நிற்கிற அமாவாசை, பௌர்ணமியில் இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். அப்போது ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

நாங்கள் அங்கே இருந்த நாள் மாசி மகம், பௌர்ணமி. ஊரில் எல்லாரும் கும்பகோணத்துக்கும் கடற்கரைக்கும் தீர்த்தவாரிக்குப் போயிருப்பார்கள். இங்கே கடல் தன் அடித்தளத்தையே திறந்து காட்டியது.

[காட்சி: மாலை 4 மணி. அருகிலிருந்து: பாறைக் குழியில் தேங்கிய தண்ணீர்.]

இந்தக் குழி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். நன்றாகப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பாக, கோவைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கிடப்பது கடல் அட்டை. அசையாது என்று நினைப்போம். 2 நிமிடம் குந்தியிருந்தால் அது மணலை விழுங்கிக்கொண்டே நகர்வது தெரியும். அந்த மணலிலிருக்கிற இரையை எடுத்துக்கொண்டு சுத்தமான மணலை வெளியே தள்ளும். அதற்கு மேலே பாறையில் பதிந்திருக்கிற நீல உதடு ஒரு பெரிய மட்டி. என் நண்பனின் நிழல் அதன்மேல் விழுந்ததும் உதட்டை மூடிக்கொண்டது. அவன் தள்ளி நின்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தது. அந்த ஒரு குழியிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

எதையும் எடுக்காதீர்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு, சங்கு எதையும் தீவை விட்டுக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துக்கொள்வார்கள். பவளத்தின்மேல் காலும் வைக்கக்கூடாது. பாறை மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளரும் வகைகளே அதிகம்.

தண்ணீர் ஏன் அவ்வளவு தெளிவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். நம் கடலில் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் இருக்கிறது, அலையும் அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்னத் தீவுகளில் வண்டல் சுமந்து வருகிற பெரிய ஆறு கிடையாது. மணலும் வேறு. பவளமும் சிப்பியும் உடைந்து பொடியானது. கிளி மீன் என்று ஒன்று பவளத்தைக் கடித்து அரைத்து மணலாகவே வெளியே விடும். நம் கலங்கிய தண்ணீர் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டல்தான் நம் இறாலுக்கும் மீனுக்கும் சாப்பாடு, நம் வயலே அதன்மேல்தான் நிற்கிறது.

[காட்சி: விடியற்காலை, ஹேவ்லாக் படகுத்துறை.]

அடுத்தது நேரம். கடிகாரம் அங்கேயும் நம் கடிகாரம்தான், சூரியன்தான் முந்திக்கொள்ளும். தஞ்சாவூர் இருப்பது 79 டிகிரி தீர்க்கரேகையில், போர்ட் பிளேர் 92 டிகிரியையும் தாண்டி. டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். மாசியிலேயே 5½ மணிக்கு நன்றாக வெளுத்துவிடும். மாலை 6 மணிக்கு இருட்டு. ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க வேண்டும் என்றால் 4 மணிக்கே அங்கே இருங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில், முக்கியமாக ஓடையும் அலையாத்திக் காடும் கடலைச் சேர்கிற மூலைகளில், தண்ணீரில் இறங்காதீர்கள். உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும்.

போகிற வழி: உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும்போது சென்னை. அங்கிருந்து விமானம் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நாங்கள் போகும்போது கப்பலில் போனோம், சுமார் 3 நாள். கப்பல் தேதி மாதத்துக்கு மாதம் மாறும், ஒரு நாள் தள்ளிப்போவதும் உண்டு. அதனால் கப்பல் போய்ச் சேர்கிற மறுநாளுக்கே ஹேவ்லாக் படகைப் பதிவு செய்துவிடாதீர்கள். வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரை முதல் இரண்டு வேளைக்குக் கை கொடுத்தது. போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது. பலகைகளிலும் டிக்கெட்டிலும் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, அவை 2018-இல் மாறியவை.

ஸ்ரீ விஜய புரம் என்ற பெயரைக் கேட்டபோது எனக்கு ஊர் நினைவுதான் வந்தது. ஸ்ரீவிஜயம் என்பது சுமத்ராவில் இருந்த பழைய அரசு. அதன் மன்னர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி நம் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் கடல் கடந்து போய் அதே ஸ்ரீவிஜயத்தின்மேல் படையெடுத்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' என்று வருவது நிக்கோபார். நிக்கோபார் பழங்குடிகளுக்கான காப்புப் பகுதி, நம் இஷ்டத்துக்குப் போக முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று நாகையை அடித்த அதே அலை அதற்கு முன்பே நிக்கோபாரை அடித்துவிட்டது. அங்கே நிலமே சில மீட்டர் தாழ்ந்துபோன இடங்கள் உண்டு. கப்பலில் ஒரு பெரியவர் அதைச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்த நாளுக்குக் கதை இருக்கிறது.

இரண்டு பேராகப் போகிறவர்களுக்குப் பணத்தில்தான் மனத்தாங்கல் வரும். நாங்கள் ஒரு சுருக்குப் பையில் ஆளுக்குச் சமமாகப் பணம் போட்டோம். படகு, அறை, சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவது. ரொக்கம் கட்டாயம் வேண்டும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி போட்ட பிறகு இணையம் தேறியிருக்கிறது. ஆனாலும் நீலில் ஒரு நாள் முழுக்க எங்கள் செல்போனில் பணம் போகவில்லை.

[காட்சி: மெரினா. கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து.]

சென்னையில் முதலில் கலங்கரை விளக்கத்தில் ஏறுங்கள். இந்த மணல் அகலம் முழுக்க இயற்கையாக இருந்ததல்ல. நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றின் அலைகள் மணலை வடக்கே தள்ளும், வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் வடக்கே போன மணல் தடுபட்டுத் தெற்கே தேங்கியது, மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்தது, கல் கொட்ட வேண்டி வந்தது. கடல் ஓரிடத்தில் எடுப்பதைத் தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நாம் பார்த்திருக்கிறோம்.

அப்புறம், மெரினாவில் குளிக்கக்கூடாது. காவிரிப் படித்துறையில் நீந்தப் பழகிய தைரியம் இங்கே செல்லாது. கொள்ளிடத்துச் சுழி ஓரிடத்தில் இருக்கும், ஊர்க்காரர் காட்டிக் கொடுப்பார். இங்கே அலை கொண்டுவந்து குவித்த தண்ணீர் ஒரு குறுகிய வாய்க்கால் மாதிரி வெளியே ஓடும், அதன் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை உடையாமல் அமைதியாக இருக்கும், அதனாலேயே ஆட்கள் அங்கே இறங்குகிறார்கள். எங்கேயாவது அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லை என்றால் மிதந்துகொண்டே கை தூக்குங்கள்.

[காட்சி: எழும்பூர், இரவு. ரயில் பெட்டியின் படியில் நண்பன் செருப்பைத் தட்டுகிறான்.]

ரயில் ஏறும்போது அவன் கேட்ட ஒரே கேள்வி, "அடுத்த மாசி மகம் என்னைக்குடா?" பஞ்சாங்கம் வீட்டில் இருந்தது. ஊருக்கு வந்து, உளுந்து பூ வைத்திருந்த வரப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னேன்.