ஜிங்க் கட்டி கரையாமல் இருந்தால் கவனியுங்கள்

(திரையில்: தேங்காய்ப்பட்டணம். கரையேற்றிய படகின் பின்பகுதி.)

வணக்கம். புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான சாஃப்டில் மாட்டியிருக்கும் இந்த ஜிங்க், அதாவது துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரித்துக் கரைவதுதான் இதன் வேலை. ஒரு வருஷம் கடலில் கிடந்திருக்கிறது, ஆனால் இன்றைக்குக் கடையில் வாங்கியது போல முழுசாக இருக்கிறது. "நல்ல கட்டி, கரையவே இல்லை" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வயிறு கலங்குகிறது. கட்டி கரையவில்லை என்றால் அதற்குப் பதிலாக வேறு எதுவோ கரைந்திருக்கிறது.

(அருகில்: புரொப்பல்லர்.)

சிறு சுத்தியலால் இறக்கையைத் தட்டுகிறேன், கேளுங்கள். நல்ல புரொப்பல்லர் கோயில் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும். இது 'டொக்' என்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் பித்தளை மஞ்சள் தெரியவில்லை, இளஞ்சிவப்பு தெரிகிறது. மாங்கனீஸ் வெண்கலம் என்று பெயர் சொன்னாலும் இது பித்தளை வகைதான். 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் துத்தநாகம் இருக்கும். அந்தத் துத்தநாகம் கடலோடு போய்விட்டது. மிச்சம் நிற்பது ஓட்டை விழுந்த செம்பு. ஒரு மரக்கட்டை மோதினாலும் இறக்கை ஒடியும்.

ஏன் இப்படி? இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதுவே ஒரு பேட்டரி. கடல் நீரில் வெள்ளி குளோரைடு மின்வாயை (தண்ணீரில் தொங்கவிட்டு ஒப்பிட்டு அளக்கும் முனை) வைத்து அளந்தால் துத்தநாகம் சுமார் மைனஸ் 1 வோல்ட், இரும்பு மைனஸ் 0.6, வெண்கலம் மைனஸ் 0.3, நல்ல ஸ்டெயின்லெஸ் பூஜ்யத்துக்குப் பக்கம். மைனஸ் அதிகமுள்ளது தேயும், மற்றது பிழைக்கும்.

இது பழைய தொல்லை. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற மரக்கப்பலுக்குச் செம்புத் தகடு அடித்தது. இரண்டு வருஷத்தில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. தகட்டுக்கு அடியில் பழுப்புக் காகிதம் தங்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. தொடர்பை அறுத்தாலே போதும் என்பதை அந்தக் காகிதம் காட்டிவிட்டது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் முடுக்கும்போது நடுவில் நைலான் வாஷர் வைப்பதும் அதற்குத்தான்.

சரி, நம் கட்டி ஏன் கரையவில்லை? சுரண்டிப் பார்த்தேன்: படகின் அடியில் பெயின்ட் அடித்தபோது கட்டி மேலேயும் அடித்துவிட்டார்கள். பெயின்ட் தண்ணீரை மறைத்துவிட்டால் கட்டி வெறும் பாரம்தான். கழற்றினால் உள்ளே இன்னொரு காரணம்: சாஃப்டில் கிரீஸும் சிப்பி ஓடுகளும் ஒட்டியிருந்தன. உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை.

ஆகவே சாஃப்டைப் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையைக் கட்டியிலும் மறு முனையை சாஃப்டிலும் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் நல்லது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்; முழுசாகத் தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலும் ஆற்றிலும் படகைக் கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். உப்பு குறைந்த தண்ணீரில் ஜிங்க்கின் மேல் வெள்ளை ஓடு படிந்து வேலை நின்றுவிடும். அங்கே அலுமினியக் கட்டி வாங்குங்கள். மக்னீசியம் சுத்தமான நன்னீருக்கு மட்டும். கடலில் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்கள், படகின் அடியில் பூசும் செம்பு கலந்த பெயின்ட்டை அதன் அலுமினிய உடம்பில் தடவவே கூடாது.

கடைசியாக ஒன்று. புதுக்கட்டி மாட்டிய சில வாரங்களிலேயே தீர்ந்தால், அது பெரும்பாலும் உலோகச் சண்டை இல்லை, வயர் கசிவு. படகுக்குள் தேங்கும் தண்ணீரில் பம்பு வயரின் இணைப்பு நனைந்திருக்கலாம். பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை முன்பு சொன்ன மின்வாயை வைத்து அளந்து பாருங்கள். எண் மாறினால், ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்தால் எந்த வயர் என்று பிடிபடும்.