வெளிச்சம் பட்டால் மடங்கும் இடுக்கி

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது தெரிகிறதா? கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை இது. கனம் 0.125 மில்லிமீட்டர், தலைமுடி அளவுதான். நீங்கள் உரித்துப் பார்க்காதீர்கள், துணுக்கு தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். இன்றைக்கு நான் பேசப்போகிற கருவி இப்படியோர் இழையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் கிடையாது, மின்கம்பி கிடையாது. வெளிச்சம் பட்டால் மடங்கிப் பிடிக்கும்.

போன வருடம் அம்மாவுக்கு எண்டோஸ்கோபி, அதாவது உடம்புக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்தார்கள். வெளியே காத்திருந்த அந்த அரைமணி நேரத்தில்தான் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் லண்டனில் இயற்பியலாளர் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் காட்டினார்கள். 1957-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், வளையும் இழைக் குழாயை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். அந்த மனிதரின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது. ஆனால் அன்றிலிருந்து வெளிச்சம் டாக்டருக்குக் கண்ணாக இருந்ததே தவிர, கையாக இருந்தது குறைவு. சதைத் துணுக்கு எடுக்கும் இடுக்கியை இன்றும் வெளியே இருந்து மெல்லிய கம்பியால் இழுத்துத்தான் மூடுகிறார்கள். குழாய் வளைய வளைய கம்பி உரசும். இன்னும் சிறியதாகச் செய்தால் பிடியின் பலம் போய்விடும்.

சரி, வெளிச்சம் எப்படிக் கையாகும்? 2017-இல் பின்லாந்தின் தாம்பரே நகரத்து ஆய்வாளர்கள் இழை நுனியில் ஒரு மெல்லிய பட்டையைப் பொருத்தினார்கள். லிக்விட் கிரிஸ்டல் எலாஸ்டோமர் என்ற ரப்பர் மாதிரியான பொருள். தீப்பெட்டிக்குள் ஒரே திசையில் அடுக்கிய குச்சிகள் போல அதன் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். வெளிச்சம் பட்டுச் சூடேறினால் வரிசை கலையும், பட்டை நீளவாக்கில் சுருங்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்கும்படி செய்துவிட்டால் போதும், பட்டை வளைந்துவிடும்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த விஷயம். இழையிலிருந்து வரும் ஒளி முன்னால் ஒன்றுமில்லை என்றால் அப்படியே போய்விடும். ஒரு பொருள் கிட்டே வந்தால் அதில் பட்டுத் திரும்பி, பட்டையின் மேல் விழும். உடனே பட்டை மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும், பூச்சியைப் பிடிக்கிற வீனஸ் செடி மாதிரி. தேடுவதும் அந்த ஒளிதான், பிடிக்கப் பலம் கொடுப்பதும் அதே ஒளிதான்!

வெளியே இருந்து லேசர் அடித்து நடக்க வைக்கும் நுண் ரோபோவையும் 2020-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்தார்கள். 0.1 மில்லிமீட்டருக்கும் சிறியது, பிளாட்டினக் கால்கள், முதுகில் சோலார் செல். அபார வேலை. ஆனால் ரத்தமும் சதையும் ஒளியை விழுங்கிச் சிதறடிக்கும். டார்ச் முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், சிவப்பாக ஒரு மங்கல்தான் தெரியும். அதனால் உடம்புக்குள் ஆழமாகப் போவதற்கு இழையைத்தான் நான் நம்புகிறேன்.

அப்புறம், இழையிலும் ஒரு சிக்கல் உண்டு. உடம்புக்குள் எல்லாம் ஈரம். பட்டையின் சூட்டைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட ஒளியைக் கூட்டினால் பக்கத்துத் திசு வெந்துவிடும்.

இப்படிப்பட்ட இடுக்கி முதலில் கண்ணுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. விழித்திரை மேலிருந்து சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள சவ்வைக் கையால் உரித்தெடுக்கிறார்கள் அந்த டாக்டர்கள். லேசான கைநடுக்கம்கூட அங்கே பெரிய அசைவு. ஒளி தடையில்லாமல் உள்ளே போகும் இடமும் அதுதான். ஆனால் அதிக ஒளி பட்டால் முதலில் கெடுவதும் அதே விழித்திரைதான்.